அடித்த சொல்

விளம்பி வருஷம், ஆடி மாசம்,
கண்டனூர்க் கடை மாடியில்
ரீமர் துரைக்குச் சொல் கொடுத்தேன்.
நாளுக்கு நாலணா. மோர் தனி.
கணக்கெழுதும் வயிரவனுக்கு
இத்தனை லேசான வேலை வாய்த்ததில்லை:
கை என்பார், கை என்பேன்.
என் கை, உன் கை, அவன் கை.
எழுதிக்கொள்வார்.

நோட்டில் மூன்று பத்தி.
முதலாவது அவர் பாஷை.
மூன்றாவது எனக்காகக் காலி.
நடுவில் நாற்பது வருஷத்துப் பழுப்பு மை:
அவர் வாலிபத்தில், ஃப்ரீடவுன் துறைமுகத்தில்,
அடிமைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்ட ஒருவன் சொன்னது.
பெயர் கேட்டேன்.
இரண்டாம் ஆள் என்று மட்டும் இருந்தது.

ஆறு என்பதற்கு அவன் மூன்று சொல் சொல்லியிருக்கிறான்.
பக்கத்தில் கேள்விக்குறி.
புளுகன், என்று சிரித்தார் துரை.
குளித்த ஆறு ஒன்று,
கட்டிக் கடத்திய ஆறு ஒன்று இருக்கும், என்றேன்.
மூன்றாவது எனக்குத் தெரியவில்லை.
எங்கள் பக்கம் ஆறே கிடையாது, ஊருணிதான்.

அடுத்த வரிக்குத் துரையின் தமிழ் போதவில்லை.
நெஞ்சைத் தொட்டார்,
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்,
"விற்றார்கள்" என்றார்.

நம்மையா, எங்களையா?

"இரண்டும் ஒன்றுதானே?"

இல்லை துரை.
கேட்கிறவரையும் சேர்த்தால் நம்மை.
வெளியே நிறுத்தினால் எங்களை.
யாரை விற்றார்கள் என்பதோடு
யாரிடம் சொல்கிறான் என்பதும் வேண்டும்.

பேனாவை வைத்துவிட்டார்.
நடுப்பத்தியில், அந்த இடத்தில்,
அவனும் இரண்டு சொல் சொல்லியிருந்தான்.
ஒன்றின்மேல் கோடு.
ஓரத்தில் துரையின் இளவயசு எழுத்து: பிழை.

ஐந்தொகையில் காலணா உதைத்தால்
விடிய விடிய விளக்கு வைத்துத் தேடுகிறவன் நான்.
அவனைக் கேட்க முடியுமா, என்றேன்.
துரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கீழே மாட்டு வண்டியில்
தேக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கூலியில் இரண்டணா கூடுதல்.
வாங்கிக்கொண்டேன். எந்தப் பேரில் எழுத?
பிள்ளையார் சுழி போட்டுப் புதுப்பக்கம் திறந்தேன்:
இரண்டாம் ஆள், ஃப்ரீடவுன், வரவு இரண்டணா.
முதலாளி எட்டிப் பார்த்தார்.
"யாரப்பா, மோல்மீன் கடையாளா?"
ஆமாம், என்றுவிட்டேன்.

மூன்றாம் பத்தி இன்னும் காலி.
காலையில் துரை வந்து குந்துவார்.
அவன் சொன்னால் எங்களை.
சரி.
மோல்மீனில் உழுதவன் வயலுக்கு
வட்டி போட்ட கை இது,
இந்தப் பக்கத்து வாய் சொன்னால்?