பாலக்கோடு தாண்டிட்டேன்

தருமபுரி நாலு ரோட்டில்
செல்போன் கடைக்கு மேல் மாடியில் என் ஃப்ளெக்ஸ் கடை.
சதுர அடி பதினெட்டு ரூபாய்,
கண்ணீர் அஞ்சலிக் கவிதை இலவசம்.

முன்பு நானே கட்டுவேன்.
கலைக் கல்லூரியில் யாப்பு படித்தவள்;
தேமா புளிமா என்று விரல் மடக்கி
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவள்.
போன வருடத்திலிருந்து கம்ப்யூட்டரிடம் கேட்கிறேன்.
பெயர், வயது, உறவு கொடுத்தால்
டீ ஆறுவதற்குள் வெண்பா.

செவ்வாய்க்கிழமை சாலம்மாள் வந்தாள்.
கொழுந்தன் மாதையனின் ஃபோனில் படம்.
தீர்த்தகிரி, நாற்பத்தாறு, தக்காளி லோடு.
கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில்
ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார்.
பின்னால் ஹாரன் அடித்திருக்கிறார்கள்.
என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

கம்ப்யூட்டர் தந்தது:

     ஊரெல்லாம் பார்த்த ஒளிவிளக்கே நீயின்றி
     யாரெல்லாம் வாடுவார் இங்கு.

தளை தட்டவில்லை. எதுகை உண்டு.
நாள், மலர், காசு, பிறப்பு
இந்த நாலில் ஒன்றில்தான் வெண்பா முடியலாம்;
இது காசில் முடிந்திருக்கிறது.
கடைக்கு அதுவும் பொருத்தம்தான்.

மாதையன் தலையாட்டினான்.
சாலம்மாள் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டாள்:
"இது யாரு?"

"எங்க இருக்கன்னு கேட்டா
பாலக்கோடு தாண்டிட்டேன்னு சொல்லும்.
ஓசூர்ல டீ குடிச்சிக்கிட்டே சொல்லும்.
நான் அடுப்பப் பத்த வெச்சிட்டு
ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பேன்.
அத எழுது."

"பொய் சொன்னாருன்னு யாராச்சும் போஸ்டர்ல போடுவாங்களா?"
மாதையன் சொன்னதும் விதிதான்:
செத்தவர் பொய் சொன்னதே இல்லை.

என் விதி வேறு.
பாலக்கோடு நாலசை, வெண்பாவுக்குள் வராது.
தருமபுரி கருவிளங்காய், தாராளமாக நுழையும்.
பாலக்கோட்டை மட்டும் நடுவில் வெட்ட வேண்டும்,
பஸ் ஸ்டாண்ட் ஒரு சீரில்
தக்காளி மண்டி மறு சீரில்.
யார் வைத்த வாசல் இது?
மூன்று வருடம் நான் கேட்கவில்லை, மார்க் வாங்கினேன்.
இன்று கேட்பதும் துணிச்சலால் இல்லை.
நான் விரல் வீங்கப் பழகியதை
விரலே இல்லாத ஒன்று செய்துவிடுகிறது.
இனி தளை தட்டாததற்கு
என்ன அர்த்தம்?

"விதி வேண்டாம், மீறி எழுது" என்று தட்டினேன்.
மீறியது. அதையும் முறையாக.
வரிக்கு ஒரு சொல், நடுவே வெற்றிடம், கடைசியில் மௌனம்.
பாலக்கோட்டை வாழ்வின் எல்லைக்கோடு ஆக்கியிருந்தது.
மீறலும் யாரோ எழுதிவைத்துப் போன சொத்துதான் போல.

எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் நடுகற்கள் உண்டு.
மாடு மீட்டுப் பட்டவர்கள்.
உளி பிடித்தவன் எந்த விதியும் பார்க்கவில்லை
என்று சொல்லத்தான் ஆசை,
ஆனால் எல்லாக் கல்லிலும் ஒரே வாசகம், ஒரே நிற்கும் தோரணை.
ஒன்றில் மட்டும் வாள் இடது கையில்.
தெரிந்தவன்தான் செதுக்கியிருக்கிறான்.

ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் அடித்தேன்:

     தீர்த்தகிரி.
     பாலக்கோடு தாண்டிட்டேன் என்பார்.
     ஓசூரில் இருப்பார்.

மாதையன் பணத்தை எண்ணி மேசையில் வைத்தான், கையில் தரவில்லை.
மண்டியில் டிரைவர்கள் அதைப் படம் எடுத்தார்கள்.
ஒருவன் அதன் கீழே நின்றே வீட்டுக்குப் போன் போட்டு
அதே பொய்யைச் சொன்னானாம்.

பத்து நாள் கழித்துக் காரிமங்கலத்திலிருந்து ஒரு பெண்.
"எங்க அப்பாவுக்கும் அந்த மாதிரியே ஒண்ணு வேணும்."
மாதிரி. அதற்குள்.
"என்ன பொய் சொல்வார்?" என்று கேட்டேன்.
யோசித்தாள்.
"பொய்யே சொல்ல மாட்டார்."

திரையில் குறி மின்னி மின்னி நின்றது.
நான் எதையும் தட்டவில்லை.
இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.