பீஸ்

அழகர்கோவில் ரோட்டு ஹோட்டலில்
எனக்கு மாலை ஷிப்ட்.
நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கிவைத்து
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன்.
பிள்ளைக்குப் பால் ஆற்றுகிற சூடு.
ஸ்பீக்கரில் ஆறு ஓடும்,
நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து.

வருகிறவர்களை எனக்குக் காலில் தெரியும்.
சித்திரையில் ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு சுற்றியவர்கள்
பாதத்தைத் தொட்டதும் இழுத்துக்கொள்வார்கள்.
கம்பெனி வேலையாய் வந்தவர்களுக்கு எல்லாமே கழுத்தில்.

இருநூற்றுப் பதினாலு, நளாயினி, வவுனியா.
அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வந்தவள்.
அவர் மல்லாந்துவிடாமல்
ஏழு ராத்திரி விழித்திருந்தாளாம்.
"தம்பி லண்டனில இருந்து புக் பண்ணித் தந்தவன்.
எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை."
துண்டை விடவே இல்லை, குப்புறப் படுக்கும்வரை.

பாரத்தில் பதினோரு கேள்வி.
ரத்த அழுத்தம், கர்ப்பம், சர்க்கரை,
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா.
மேலிருந்து கீழே ஒரே கோடு,
இல்லை.

இடது தோள்பட்டைக்குக் கீழே
கட்டைவிரலில் தட்டியது,
அரிசியில் கிடக்கும் கல் மாதிரி.
அழுத்தினால் நகரவில்லை.
கையை எடுக்கப் போனேன்.
"எடுக்காதேங்கோ. அது பீஸ்."

எங்கள் ஊரில் பீஸ் என்றால்
ஜூனில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவது.
கரண்ட் போனால் கம்பத்தில் போடுவது.
கோழிக் குழம்பில் என் மகன் எண்ணுவது.
"ஷெல் பீஸ்" என்றாள். "ரெண்டாயிரத்தொம்பது.
கிண்டினால் நரம்பு போயிடுமெண்டு டொக்டர் சொன்னவர்.
கிடக்கட்டும்."

உலோகம் இருந்தால் சூட்டுக்கல் வைக்கக் கூடாது,
சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.
ஒன்பது கல்லையும் வெந்நீரிலேயே விட்டுவிட்டேன்.
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
அதைச் சுற்றி வைத்தேன், மேலே படாமல்.
தூங்கிப் போனாள்.
ஆறு இன்னொரு முறை முதலிலிருந்து ஓடியது.
அடுத்தவரைக் கொஞ்சம் உட்கார வைக்கச் சொல்லி
ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன்,
எண்ணெய் இன்னும் காயவில்லை என்று.

ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.
கல் சிகிச்சை, செய்யவில்லை.
காரணம் என்ற கட்டம் சின்னது.
'விருந்தினர் விருப்பம்' என்று போட்டு
ஜெபராணி என்று கையெழுத்திட்டேன்.

மாட்டுத்தாவணிக்குக் கடைசி பஸ்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தாங்களாகவே எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.
கண்டக்டர் பார்த்துவிட்டு,
"லேடீஸுக்கு ப்ரீம்மா,
காசைத் தேடாத" என்றார்.