பதினாறு ஜோடி

அதிகாலை நாலரை. போன்ட்டா டெல்காடாவில் மழை.
எனக்கு வேண்டியது ஒரே ஒரு சன்னல்.
சாவோ ஜோர்ஜெ தீவில், கூட்டுறவுப் பால் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு சிமெண்ட் அறையில்
இருபத்தொரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்
யூனிக்ஸ் பெட்டியின் சன்னல்.
தரை நடுங்கினால் கோடாக வரைவது அதன் வேலை.
அதற்குத் திரை கிடையாது. இருந்த திரையை
உப்புக்காற்று தின்றுவிட்டது.
அது அங்கே வரையும், நான் இங்கே பார்ப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை:
மாடாய் உழைக்கிற அந்த நிரலுக்குப் பெயர் வாடிக்கையாளர்.
காப்பியும் கையுமாக நான் உட்கார்ந்திருக்கும் மேசைதான் சேவையகம்.
எவன் பெயர் வைத்தானோ.

முன்பெல்லாம் கதவே இல்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று சுவரில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது:
எக்ஸ்ஹோஸ்ட், ஓர் இடைவெளி, ஒரு கூட்டல் குறி.
அதை அடித்தால் போதும்,
என் திரையில் யாரும் எதையும் வரையலாம்.
ஒரு மத்தியானம் சன்னல்களுக்கு அடியில்
கரப்பான்பூச்சிகள் ஓடின. வயிறு வலிக்கச் சிரித்தோம்.
நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும்
வேறெவனோ வாசித்துக்கொண்டிருந்தது
அடுத்த வாரம்தான் தெரிந்தது.
சீட்டைக் கிழித்தேன்.
பசை இன்னும் சுவரில் இருக்கிறது.

இப்போது கடலடிக் கம்பிக்குள்
எஸ்எஸ்எச் போட்ட இன்னொரு குழாய்.
வெளியே காது வைப்பவனுக்கு வெறும் இரைச்சல்.
பெரிய எக்ஸ்தான் அடிப்பேன்.
ஒய் அடி, சுளுவாக முடியும் என்கிறார்கள்.
ஒய் என்பது
வந்த விருந்தாளியிடம் பீரோ சாவியையும் நீட்டுவது.

இன்று அடித்தேன். சன்னல் வரவில்லை.
எச்சரிக்கை வந்தது:
அந்த இயந்திரத்தின் கைரேகை மாறியிருக்கிறது,
நடுவில் யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

பழைய வரியை அழித்துவிட்டு
ஆம் சொல்ல அரை நிமிஷம் ஆகாது.
நேற்றிரவு மூன்று நடுக்கம்,
ஏழு மணிக்குக் கணக்குக் கேட்பார்கள்.
விரல் பலகை மேலேயே கிடந்தது.
எடுத்துக்கொண்டேன்.

பெல்மீரு பால் கறந்துகொண்டிருந்தார்.
"டிஸ்க் செத்துப்போச்சு, ஒண்டீனா.
வியாழக்கிழமை மாத்தினேன். சொல்ல மறந்துட்டேன்."
இருக்கலாம்.
"அறைக்குப் போங்க. சீரியல் கம்பியைச் செருகி
கைரேகையை எனக்கு வாசிங்க."
"மாடு?"
"மாடு நிக்கும்."

பதினாறு ஜோடி. பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.
நான்கு எஃபெ. ஒன்பது சே. பூஜ்யம் ஏழு.
இருமினார். தொடர்ந்தார்.
பதினோராவதில் இடித்தது.
என் திரையில் ஏழு டே.
என் காதில் ஏழு பே.
உள்ளங்கை சில்லிட்டது.
"திரும்பச் சொல்லுங்க. பெல்மீருவோட பேயா?"
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
என்னுடையதா அவருடையதா தெரியவில்லை.
"இல்ல," என்றார். "துல்ஸோட டே."

துல்ஸ் டொரொன்டோ போய் ஆறு வருடம்.
அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.
மீதி ஐந்தையும்
முன்னைவிட மெதுவாக வாசித்தார்.

ஆம் என்று அடித்தேன்.
சன்னல் வந்தது, வழக்கம்போல் சோம்பலாக:
சாம்பல் சட்டம், அதற்குள் எண்கள்,
கடைசியில் கோடு.
இருவரும் போனை வைக்கவில்லை.

"ம்," என்றார் சட்டென்று. "காலுக்கடியில."
என் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.
ஒன்று. இரண்டு.
மூன்று எண்ணி முடிக்குமுன் குதித்தது.

"பெரிசா?"
"இல்ல. சின்னதுதான்."
"வாளியை உதைச்சிருக்கும்," என்றார்.
கதவு சாத்தும் சத்தம்.
போனை அறையிலேயே விட்டுப் போயிருக்கிறார்.
பெட்டியின் விசிறி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.