நாற்பத்தேழு

சுவரெல்லாம் கம்பளி. கதவுக்கும் கம்பளி.
ரங்கூன் மழையை வெளியே நிறுத்திவிட்டு
எங்களை உள்ளே வேகவைத்தார்கள்.
நடுவில், நான்கு சுருள்கம்பியில்
குளவிக்கூடு போல மைக்.
கிட்டப் போகாதே என்றார்கள்,
தூரப் போகாதே என்றும்.

ஆறரைக்கு அரிசி விலை.
பிறகு ஊ பா த்வினின் யாழ்.
வாசித்து முடித்து மைக்கைக் கும்பிட்டார்.
ஒரு பார்சிக்காரர்
பெகு ரயில் புறப்படுவதைத் தொண்டையிலேயே செய்தார்,
கார்டு விசில் உட்பட.
வங்காளி ஒருவர் சீட்டு வித்தை காட்டினார்.
ஆமாம், ரேடியோவில்.
"இதோ, உங்கள் ராணி காணாமல் போய்விட்டாள்" என்றார்.
யார் கண்டது, போயிருக்கலாம்.

ஏழரைக்குத் தமிழ். கால் மணி நேரம்.
ரெத்தினவேலு பாகவதர் டல்லாக் கரையில்.
ஆறு ஏறிக் கிடக்க, சம்பான்காரன் வரமாட்டேன் என்றிருக்கிறான்.
இக்கரையில் இருந்தது அவர் ஆர்மோனியம் மட்டும்,
அப்புறம் அதைத் தலையில் சுமந்துவந்த நான்.
பசுண்டாங் மில்லில் மூட்டை எண்ணுகிறவன்.
போட்டிருந்த சட்டைகூட இரவல்.

அறிவிப்பாளர் ஹார்கிரேவ் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், பெயர் கேட்டார்.
மாசிலாமணி.
"மாஸ்டர் மஸிலமோனி!" என்று பர்மா முழுவதற்கும் சொல்லிவிட்டுக்
கட்டைவிரலை என் பக்கம் நீட்டினார்.
சிவப்பு பல்பு எரிந்தது.

எனக்குப் பாட்டு வராது.
தேவாரம் நாலு வரி வரும், அன்று அதுவும் வரவில்லை.
கம்பளிக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
மௌல்மீனிலும் இது கேட்குமே என்று நினைத்த மாத்திரத்தில்
கை தானாகப் பெட்டியைத் தட்டியது,
வாய் தானாகத் திறந்தது:

லாபம்.

தானியத்தை ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறவன் உண்டா?
லாபம், ரெண்டு, மூணு...
பலகையில் கால் விழுகிற தாளம்,
ஒரு தட்டுக்கு ஒரு மூட்டை, அஞ்சுக்கு ஒரு குச்சி.
பத்தில் குரலை இழுத்துப் பதினொன்றில் விட்டேன்.
முப்பதில் படகு தாழ்ந்தது, நானும் தாழ்ந்தேன்.
ஹார்கிரேவ் தலையாட்டினார்.
சீட்டுக்காரர் தொடையில் தட்டினார்.
நாற்பத்தாறு.
நாற்பத்தேழு.
நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டு.

நூறோடு நிறுத்தினேன். கைகுலுக்கி,
எலுமிச்சை சோடா கொடுத்தார்கள்.

டீக்கடைப் பையன் சொல்லித்தான் மற்றது தெரியும்.
மொகல் தெரு காப்பி கிளப் வாசலில்,
ஒலிபெருக்கிக்குக் கீழே, எங்கள் மில் ஆட்கள் முப்பது பேர்
சாக்கைத் தலையில் கவிழ்த்து நின்றிருந்தார்களாம்.
"நம்ம எண்ணிக்கைடா!" என்று ஒரே சிரிப்பாம்.
பிறகு ஒச்சு விரல் மடக்க ஆரம்பித்தானாம்.
பிறகு சிரிப்பு இல்லையாம்.

இரண்டு முதுகு, ஒரே எண்.
ஐம்பதுக்கு ஒன்று கூலியில்லாமல் மில்லுக்கு.
சேர்ந்த வாரமே காசாளர் கற்றுக்கொடுத்தது:
இந்தக் கூச்சலில் எவனுக்கும் கேட்காது,
நீயும் கேட்காதே.
ஆறு வருஷம் கேட்கவில்லை.
அந்தக் கம்பளி அறையில் கூச்சல் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாளும் மழை.
நாற்பத்தேழு என்றேன். ஒச்சு ஏறிப் போனான்.
அடுத்து வீரபத்திரன். பலகை நடுவில் நின்றான்,
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
பின்னால் வரிசை நின்றது.
ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை.
மழை சாக்குக்குள் இறங்கி
அவன் கழுத்தில் எடை ஏறிக்கொண்டிருந்தது.
"என்னய்யா, நின்னுபோச்சு?" ஜன்னலில் காசாளர்.

தொண்டையைச் செருமினேன்.
நாற்பத்தெட்டு என்றேன்,
காசாளருக்கும் கேட்கும்படி.

சனிக்கிழமை நிலையத்திலிருந்து மூன்று ரூபாய் வந்ததாம்,
மாஸ்டர் மஸிலமோனி, கிராமியப் பாடல் வகைக்கு.
மில் முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள்.
நான் அங்கே இல்லை.