முட்டை அட்டையில் முப்பது பேர்

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
டயர் கடை மாடியில்
சனிக்கிழமை ஆறு மணிக்கு யுத்தம்.

பாறசாலைக் கல்யாண மண்டபம் ஒன்று
கழித்துப் போட்ட பந்தி மேசை.
அதன்மேல் லிபின் உண்டாக்கிய நாடு.
தெர்மாகோல் குன்று, தேங்காய்ச் சகிரியில் காடு,
ரப்பர் பாலை ஊற்றி உறையவிட்ட ஆறு.
காய்ந்ததும் ஆறு பழுத்துவிட்டது.
மழைக்காலத்துக் குழித்துறை ஆறு
வேறெப்படி இருக்கும் என்கிறான்.
முதல் பகடை உருண்டதும்
டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவான்.
தன் குன்றை யார் பிடித்தார்கள் என்று
திரும்பி வந்து கேட்பதில்லை.
மரம் ஏதும் சாய்ந்ததா
என்று மட்டும் பார்ப்பான்.

டைல்ஸ் கடை பீர்கண்ணு அண்ணன்
ஜெயிக்க வருபவர்.
அளவுநாடாவில் அரை இஞ்சு குறைந்தால்
அம்பு பாயாது, அவ்வளவுதான்.
பகடை சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டவேண்டும்,
விழுந்தது ஆறானாலும்,
உருட்டியது அவரே ஆனாலும்.
தோற்ற இரவுகளில்
பைக்கை உதைக்க மறந்து
பாலம் வரை தள்ளிக்கொண்டே போவார்,
எந்தத் திருப்பத்தில் தவறினோம் என்று முனகியபடி.

ப்ரியம்வதாவின் படை அடிக்கடி பின்வாங்கும்.
"இவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம் அண்ணா."
"விதிப்புத்தகத்தில் கல்யாணம் இல்லை."
பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டு ஒன்றில்
ஒவ்வொருவனுக்கும் ஊர், கடன், அம்மாவின் கடிதம்
எல்லாம் மலையாளத்தில் இருக்கிறது.
செத்தவன் பெயருக்குக் கீழே
ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள்.

ஜெறால்டு சார் பெட்டியைப் பிரிப்பதே இல்லை.
தோஹாவிலிருந்து மச்சான் அனுப்பியவை பதினொன்று,
பீரோ மேல், உறை கிழியாமல்.
ஏன் சார் என்றால்,
"என் பட்டாளம் இன்னும் ஒரு சண்டையிலும்
தோற்கவில்லையே."

நான் ஆடுவதில்லை.
நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி லேபில்
ராத்திரி முழுக்க அணுக்களை எண்ணும் கண்
பகலில் சும்மா இருக்க மறுக்கிறது.
மூன்று மயிர்த் தூரிகை,
கட்டைவிரல் கணுவளவு ஆட்கள்.
எட்டு மாதத்தில் முப்பது பேர்.
சனிக்கிழமை இரவல் கொடுப்பேன்.
அண்ணன் பீடத்தின் விட்டத்தைப் பார்ப்பார்,
லிபின் தன் மண்ணில் கால் பொருந்துகிறதா என்று.
முகத்தை யாரும் பார்ப்பதில்லை.
குறையாகச் சொல்லவில்லை,
மேசையில் நிறைய வேலை இருக்கிறது.

பறவைக் காய்ச்சல் நாட்கள் அவை.
செக்போஸ்ட்டில் லாரிச் சக்கரங்களுக்கு
மருந்து பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்கூட்டரின் முன்னால் முட்டை அட்டை
துணி போர்த்தி இருந்தால்
நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

"முட்டையா?"
"இல்ல சார், பட்டாளம்."

துணியை விலக்கினார்.
குழிக்கு ஒருவனாக முப்பது பேர்
அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.
சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நின்றேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
முரசுக்காரனை எடுத்தார்,
மழைக்கு இருண்ட வெளிச்சத்தில்
டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இவன் என்ன, நைட் டூட்டியோ?"

இமைக்கடியில் நான் இழுத்திருந்த சிவப்பு,
மயிரிழை.
எனக்கே அதைத் தேடத்தான் வேண்டும்.
அவர் கண்ணிலும் அதே சிவப்பு இருந்தது,
இன்னும் கொஞ்சம் தடிமனாக.

எடுத்த குழியிலேயே வைத்தார்,
முகம் வெளியே தெரியும்படி திருப்பி.
பின்னால் கோழி லாரி ஹாரன் அடித்தது.
"ம், போங்க."

அன்று மூன்றாம் சுற்றில்
முரசுக்காரன் விழுந்தான்.
அரை இஞ்சு உள்ளேதான் இருந்தான்,
அண்ணன் இரண்டு முறை அளந்தார்.

ப்ரியம்வதா நோட்டை எடுத்தாள்.
இவன் அவள் ஆள் இல்லை,
ஆனாலும் பேனாவைத் திறந்து பெயர் கேட்டாள்.
சட்டையில் பெயர்ப்பட்டை இருந்திருக்கும்,
நான்தான் படிக்காமல் வந்துவிட்டேன்.

நைட் டூட்டி
என்று எழுதிக்கொள் என்றேன்.
கோடு மட்டும் இப்போது வேண்டாம்.