முன்கவை

மூன்று நாளாய்க் கத்துகிறது என்றான் வைசன்.
எது என்றேன்.
தெரியவில்லை, பெடலை மிதித்தால் கத்துகிறது,
இடது காலுக்கு மட்டும்.

சலீமாச் சந்தையிலிருந்து ஏரிக்கரைக்கு
இருபது கிலோமீட்டர்.
கேரியர் மெத்தையில் ஒரு பெண்,
அவள் மடியில் பிள்ளை,
ஹேண்டில்பாரில் இரண்டு கோழி தலைகீழாய்.
சில நாள் கருவாட்டு மூட்டை. சில நாள் கரி.
இத்தனையும் சுமந்த இரும்பு
கடைசியில் ஒரு சொல் சொல்லிப் பார்க்கிறது.
எஃகு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் உடையும்,
காதுள்ளவனுக்கு.

வண்டியைக் கவிழ்த்தேன்.
பெடல் அச்சுக்கூட்டைத் துடைத்தேன்.
புழுதி போனது, கிரீஸ் போனது,
பழைய பச்சைப் பெயின்ட்டில்
முடி ஒன்று ஒட்டியிருந்தது.
ஊதினேன். போகவில்லை.
சுரண்டினேன். நகம் மாட்டியது.

மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்து
மேலே சுண்ணாம்பு பூசினேன்.
ஒரு தேநீர் ஆறும் நேரம்.
வெள்ளையில் ஈரம் கோடு கிழித்தது,
பாதிக் குழாயைச் சுற்றி.
வைசன் தன் விரலால் அளந்தான்.
நம்பாமல் என் விரலைப் பிடித்து அளந்தான்.

ஓடுகிற விரிசலை முந்திப் போய்
அதன் வழியில் ஒரு துளை போடவேண்டும்.
கூர் இருக்கும்வரைதான் அதற்குத் திசை.
வட்டத்துக்குள் விழுந்ததும்
எந்தப் பக்கம் வந்தோம் என்று மறந்து நிற்கும்.
இரண்டு முனைக்கும் இரண்டு துளை,
கையால் சுற்றும் துளைக்கருவி,
மின்சாரம் காலையிலேயே போயிருந்தது.

வாயு இருந்தது.
குழாய் செம்பருத்தி நிறத்துக்கு வந்தபோது
பித்தளைக் கம்பியை வைத்தேன்.
அது சட்டென்று தண்ணீரானது.
தாகம் எடுத்த இடத்தில் இரும்பு தானே குடித்தது.
நன்றாக வந்தது. நானே சொல்கிறேன்.

அத்தோடு அனுப்பியிருக்கலாம்.
பழக்கம். முன்சக்கரத்தையும் கழற்றினேன்,
முன்கவையை உருவினேன்.
தண்டு கிரீடத்தில் இறங்கும் கழுத்தில்
பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தது.
அதற்கடியில் புட்டி.
யாரோ நன்றாகப் பூசி மெழுகி
இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.
புட்டிக்கடியில், மறுபடி, அந்த முடி.

இதையும் பற்றவை என்றான்.
மாட்டேன் என்றேன்.
அங்கே பற்றவைத்தாயே, மலீத்தா,
அதே தீ, அதே கம்பி.

சட்டம் உடைந்தால் வண்டி தொய்யும்,
உன் கால் தரையைத் தொடும், திட்டுவாய்.
கவை உடைந்தால்
முதலில் இறங்குவது முகம்.

வெள்ளம் வந்த வருஷம்
லாக்சனுக்கு ஒன்று பற்றவைத்தேன்.
அழகான பற்று, போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பதினொரு வாரம் தாங்கியது.
என் பற்றில் உடையவில்லை,
ஒரு நெல்மணி தள்ளி உடைந்தது.
பின்னால் முட்டைத் தட்டுகளோடு ஓர் ஆசிரியை.
அவளுக்கு மணிக்கட்டு.
லாக்சன் இன்றும் என்னைக் கண்டால் கையசைக்கிறான்,
மற்றக் கையால் வாயை மூடிக்கொண்டு
சிரிக்கிறான்.

இதை வைசனிடம் சொல்லவில்லை.
கவையை இடுக்கியில் முறுக்கி
ரம்பத்தால் இரண்டு காலையும் அறுத்தேன்.

ஐயோ, அதை நான் விற்றிருப்பேன்!
என்று கத்தினான்.
அதற்குத்தான், என்றேன்.

என்னைக் கொள்ளைக்காரி என்றான்,
சந்தைக்கே கேட்கும்படி.
சட்டத்துக்குக் கூலி தராமல் போனான்.
பச்சை வண்டி முன்கால் இல்லாமல்
என் சுவரில் சாய்ந்திருந்தது.
மழை வந்தபோது உள்ளே இழுத்துவைத்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம்
கோணியில் சுற்றிய வேறொரு கவையோடு வந்தான்.
இரண்டு வாரச் சவாரிக் காசு, கடன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
மண்ணெண்ணெய் டின்னை அவனே எடுத்தான்,
அவனே துடைத்தான், அவனே சுண்ணாம்பு பூசினான்,
தேவைக்கு மேலேயே.

குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
மாட்டலாம் என்று எழுந்தேன்.

இரு, என்றான்,
இன்னும் கொஞ்ச நேரம்.