தன்மை ஒருமை

மொழிபெயர்க்க வந்தவள் ‘அவர்’ என்று சொல்லக் கூடாது.
அது விதி. அவர் நான் என்றால் நானும் நான்.
ஆகவே இன்று காலை ஒன்பது பத்துக்கு
வூப்பர்டாலில், மூன்றாம் மாடியில்,
என் சலப்பையை இரண்டு வருடத்துக்கு முன்னமே
எடுத்துவிட்டார்கள் என்றேன்.
வயிற்றில் ஒட்டிய பையை வெறுமையாக்க
இரவில் இரண்டு தரம் எழும்புகிறேன் என்றேன்.
இப்போது ஈரலில் ஐந்து இடம் என்று
டொக்டர் வீலாண்ட் சொன்னபோது
டொக்டர் வீலாண்டும் நான்தான்.

தொடையிடுக்கில் ஒரு துளை.
அதனூடாக மெல்லிய குழாய்,
நாடியோடு ஏறி ஈரலின் வாசல்வரை.
மருந்தை அங்கேதான் விடுவோம்,
உடம்பு முழுக்க அலைய விடமாட்டோம்.

சிவபாதம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.
இருபத்தெட்டு வருடம் இந்த நகரத்து நிலவறைகளில்
ஹீட்டிங் பூட்டிய கை.
“அப்ப மற்ற அறையளின்ர வால்வைப் பூட்டிப்போட்டு
ஒரு அறைக்கு மட்டும் சூடு விடுறியள்.”
சொன்னேன். டொக்டர் சிரித்தார்,
கடதாசியில் உண்மையாகவே அறைகள் கீறினார்.

“பூட்டின அறையளுக்குள்ள ஆரும் இருந்தால்?”

இதற்கு நான் கொஞ்சம் பிந்தினேன்.
பிந்துவது விதியில் இல்லை.
டொக்டரும் பிந்தினார். பிறகு,
குணமாக்குவேன் என்று சொல்லவில்லை,
நாளைக் கொஞ்சம் கூட்டித் தரப் பார்க்கிறேன் என்றார்.
எத்தனை நாள் என்று அண்ணை கேட்கவில்லை.
எனக்குக் கேட்க அனுமதியில்லை.

பயமாக இருக்கிறதா?

“ஈரக்குலை நடுங்குது, பிள்ளை.”

பிள்ளையை விட்டுவிட்டேன்.
மற்றதை அப்படியே வைத்தேன்:
என் ஈரல் நடுங்குகிறது.
டொக்டர் எழுந்து வந்தார்,
அண்ணையின் வலது விலாவுக்குக் கீழே
நான்கு விரல் வைத்து அழுத்தி,
எப்போதிருந்து என்றார்.
திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.
“ஸ்கான் படம் காட்டின நாளிலயிருந்து.”
திகதியைக் கேட்டுக் கணினியில் பதிந்தார்.

படிவத்தில் ஒப்பம், ஒரு மணித்தியாலம்.
வெளியே தொங்கு ரயில்
ஆற்றுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது.
நடையில் ஒரு ரேடியேட்டர் களக் களக்கென்றது.
“காத்து நிக்குது,” என்றார் அண்ணை.
கோட்டுப் பையில் சாவி இருந்தது,
சதுர வாயுள்ள சின்னச் சாவி.
கால் திருப்பு. சீறியது, நெடுநேரம் சீறியது,
பிறகு கறுப்பாய் ஒரு சொட்டுத் தண்ணீர்
அவருடைய பெருவிரலில்.

நான் கை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் குளிர்தான்.
“வரும்,” என்றார்.
“கொஞ்சம் நிக்கவேணும்.”